முக்கோணம், வட்டம், பாஞ்சோ: லூயிஸ் குடும்பத்தின் பாட்டு எங்கிருந்து வந்தது?

(எபிசோடின் திருத்திய எழுத்து வடிவம். பேச்சு நடையை முடிந்தவரை அப்படியே விட்டிருக்கிறோம்.)

இன்னைக்கு எபிசோட் ஒரு குடும்பத்தைப் பத்தினது.

அமெரிக்காவோட தெற்குல ஜார்ஜியா மாநிலம். அதுல லிங்கன்டன்னு ஒரு சின்ன ஊர். தென் கரோலினா எல்லைக்குப் பக்கத்துல இருக்கு. அந்த ஊர்லேருந்து ஒரு அப்பா, அவரோட பசங்க, பொண்ணுங்க, பிற்பாடு பேரப்பசங்கன்னு எல்லாருமா பஸ்ல ஏறி, அரை நூற்றாண்டுக்கும் மேல ஊர் ஊராப் போய் கிறிஸ்தவப் பாட்டு பாடினாங்க. குழுவோட பேரு லூயிஸ் ஃபேமிலி. ‘புளூகிராஸ் காஸ்பலின் முதல் குடும்பம்’னு அவங்களுக்கு ஒரு பட்டம் உண்டு.

அவங்களோட பழைய டிவி நிகழ்ச்சியிலேருந்து ஒரு துண்டு பாத்தீங்கன்னா போதும், விட மாட்டீங்க. மிகி, பாலி, ஜேனிஸ்னு மூணு அக்கா தங்கச்சிங்க நின்னு பாடுவாங்க. குரல்கள் ஒண்ணோட ஒண்ணு பசை போட்டு ஒட்டின மாதிரி இருக்கும். எல்லாரும் ‘பாப்’னு கூப்பிடுற அப்பா ராய் லூயிஸ், ரொம்பப் பொறுமையான முகம். பக்கத்துல கடைக்குட்டிப் பையன் லிட்டில் ராய், கையில பாஞ்சோ. இந்த ஆளு சும்மா நிக்கவே மாட்டார். கோணல் சேட்டை பண்ணுவார், அக்காமாரை வம்பிழுப்பார், ஆனா விரல் மட்டும் தையல் மிஷின் மாதிரி ஓடிக்கிட்டே இருக்கும்.

இதைக் கேக்கிறவங்களுக்கு முதல்ல தோணுறது, இது ரொம்பப் பழைய இசைங்கிறதுதான். எங்கேயோ மலைக்காட்டுல, வெளியுலகம் தெரியாத ஜனங்க, தாத்தா காலத்துலேருந்து காதுவழியா கடத்திக்கிட்டு வந்த ஒண்ணு. புளூகிராஸ் இசையை விக்கிறவங்களும் இந்தக் கதையைச் சொல்லித்தான் வித்தாங்க. குடும்பம், சாமி, மலை, பாரம்பரியம்.

எனக்கு இந்தக் கதை மேல ஆரம்பத்துலேருந்தே ஒரு சந்தேகம். முதல் விஷயம், லிங்கன்டன் மலையிலேயே இல்ல. அது அப்பலாச்சிய மலைக்குக் கீழ இருக்கிற பீட்மான்ட் பகுதி, பருத்தி விளைஞ்ச செம்மண் பூமி. பருத்தின்னு சொன்னா அந்த ஊர்ல அடுத்த வார்த்தை என்னன்னு உங்களுக்கே தெரியும். அதுக்கு அப்புறம் வர்றேன்.

ரெண்டாவது, புளூகிராஸே அவ்வளவு பழசு இல்ல. பில் மன்ரோங்கிற கென்டக்கிக்காரர் 1939-ல ‘புளூ கிராஸ் பாய்ஸ்’னு குழு தொடங்கினார். 1945 டிசம்பர்ல அதுல ஏர்ல் ஸ்க்ரக்ஸ்னு ஒரு இருபத்தோரு வயசுப் பையன் பாஞ்சோவோட சேர்ந்தார். 1946-ல அவங்க சேர்ந்து ரெக்கார்டிங் பண்ணினாங்க. இன்னைக்கு நாம புளூகிராஸ்னு சொல்ற அந்தச் சத்தம் அங்கதான் முழுசா உருவாச்சு. அப்ப அதுக்குப் பேர்கூடக் கிடையாது. மன்ரோ குழுவோட பேரையே இசைக்கும் வெச்சது 1950-கள்ல. அதாவது இந்த ‘பழங்கால இசை’ ரேடியோவை விட இளசு, மைக்கை விட இளசு. மன்ரோ குழு கிராண்ட் ஓல் ஆப்ரிங்கிற ரேடியோ நிகழ்ச்சிக்காக, சம்பளத்துக்காக, போட்டிக்காகச் செதுக்கின இசை அது. லூயிஸ் பசங்க அதை ரேடியோவுல கேட்டு வளர்ந்த தலைமுறை. லிட்டில் ராய் பிறந்தது 1942. ஸ்க்ரக்ஸ் மன்ரோகிட்ட சேரும்போது அவருக்கு மூணு வயசு.

அப்போ இந்தக் குடும்பத்தோட பாட்டுல பழசுன்னு எதுதான் இருக்கு? நிறைய இருக்கு. ஆனா ஒரே வேர் இல்ல. ரெண்டு வேர்; ரெண்டும் வேற வேற மண்ணுலேருந்து வந்தது. ஒண்ணைப் பத்தி எல்லாரும் பேசினாங்க, இன்னொண்ணைப் பத்தி ரொம்ப நாள் பேசவே இல்ல.

முதல் வேர், அந்த மூணு குரல் ஒட்டிப் பாடுற விதம்.

இதைச் சொல்றதுக்கு நான் உங்களை 1801-க்குக் கூட்டிட்டுப் போகணும். அந்த வருஷம் ஃபிலடெல்ஃபியாவுல வில்லியம் லிட்டில், வில்லியம் ஸ்மித்னு ரெண்டு பேர் ‘தி ஈஸி இன்ஸ்ட்ரக்டர்’னு ஒரு பாட்டுப் புத்தகம் போட்டாங்க. பிரச்சினை என்னன்னா, ஐரோப்பிய இசைக்குறியீட்டைப் படிக்கத் தெரிஞ்சவங்க கொஞ்சப்பேர்தான். அஞ்சு கோடு, அதுல கறுப்புப் புள்ளிகள். எந்தப் புள்ளி எந்த ஸ்வரம்னு தெரியணும்னா முன்னாடி இருக்கிற ஷார்ப், ஃபிளாட் எல்லாம் எண்ணிக் கணக்குப் போடணும். பகல் முழுக்க வயல்ல வேலை செஞ்சுட்டு வர்றவங்க இதை எப்பக் கத்துக்கறது?

இவங்க செஞ்சது ரொம்ப எளிமையான வேலை. புள்ளியோட தலையை மாத்தினாங்க. ஃபாவுக்கு முக்கோணம், ஸோலுக்கு வட்டம், லாவுக்குச் சதுரம், மீக்கு டைமண்ட். அந்தக் காலத்து ஆங்கிலேய முறையில இந்த நாலு பேரை வெச்சே மொத்த ஸ்கேலையும் பாடிடுவாங்க. கோட்டைப் பாக்க வேண்டாம், வடிவத்தைப் பாத்தாப் போதும். 1846-ல ஜெஸ்ஸி எய்கின்ங்கிறவர் இதையே ஏழு வடிவமாக்கினார். டோ, ரே, மீ, ஃபா, ஸோல், லா, டீ, ஏழுக்கும் தனித்தனி உருவம். நமக்கு இது சட்டுனு புரியும். ச எந்தச் சுருதியில வெச்சாலும் ச தானே? பாடகருக்குத் தேவை அந்த உறவுதான். வடிவக்குறியீடும் அந்த உறவைத்தான் கண்ணுக்குக் காட்டுது.

சாஃப்ட்வேர்ல இருக்கிறவன்ங்கிறதால எனக்கு இதைப் பாக்கும்போது ஒரு பொறாமையே வருது. இதைவிட நல்ல இன்டர்ஃபேஸ் டிசைனை நான் அதிகம் பாத்ததில்லை. பழைய குறியீட்டை இவங்க தூக்கி எறியலை. கோடு அப்படியே இருக்கு, நீளம் அப்படியே இருக்கு. படிக்கத் தெரிஞ்சவன் பழையபடி படிக்கலாம். தெரியாதவனுக்கு மேல ஒரு அடுக்கு கூடுதலா வெச்சிருக்கு, அவ்வளவுதான். பேக்வர்ட் கம்பாட்டிபிள்.

வட மாநில நகரங்கள்ல படிச்ச இசை ஆசிரியர்கள் இதை மதிக்கலை. லோவல் மேசன் மாதிரி ஆட்கள் ஐரோப்பிய முறைதான் ‘சரியான’ இசைன்னு பள்ளிக்கூடங்கள்ல கொண்டு வந்தாங்க. வடிவக்குறியீடு கிராமத்தான் சமாச்சாரமாகி தெற்குப் பக்கம் நகர்ந்துச்சு. அங்க வேர் பிடிச்சது. 1844-ல ஜார்ஜியாவுல பி.எஃப்.வைட்டும் ஈ.ஜே.கிங்கும் ‘தி சேக்ரட் ஹார்ப்’ புத்தகத்தைக் கொண்டு வந்தாங்க. அதை வெச்சு இன்னைக்கும் பாடுறாங்க. நாலு குரல்காரங்க ஒரு சதுரமா, ஒருத்தரை ஒருத்தர் பாத்து உக்காருவாங்க. கேக்கிறவங்களுக்குன்னு ஒரு பக்கம் கிடையாது, எல்லாரும் பாடுறவங்கதான். முதல்ல வடிவத்தோட பேரைச் சொல்லி ஒரு தடவை பாடுவாங்க, ஃபா ஸோல் லான்னு. அப்புறம்தான் வார்த்தை. பாட்டுப் பள்ளிக்கூடம்னு ஒண்ணு நடக்கும். வயல் வேலை ஓய்ஞ்ச நேரத்துல ஒரு வாத்தியார் ஊருக்கு வருவார், சர்ச்சிலேயோ ஸ்கூல் கட்டடத்துலேயோ கொஞ்ச நாள் தங்கிச் சொல்லிக் கொடுப்பார். முடியும்போது ஊர்ல பாதிப் பேருக்கு ஹார்மனி பாடத் தெரிஞ்சிருக்கும்.

இதை நான் இவ்வளவு நீட்டிச் சொல்றதுக்குக் காரணம் இருக்கு. ஒரு குடும்பம் சாப்பாட்டு மேசையில உக்காந்து மூணு நாலு குரல்ல பாடுதுன்னா அது ரத்தத்துல வந்ததுன்னு நாம நினைக்கிறோம். ரத்தமாவது ஒண்ணாவது! நூறு வருஷமா ஊர் ஊரா நடந்த பயிற்சி அது. பாடமாக் கத்துக்காதவங்களும், கத்துக்கிட்டவங்க பக்கத்துல உக்காந்தே கத்துக்கிட்டாங்க. பில் மன்ரோவே அப்படித்தான். சின்ன வயசுல அவருக்குக் கண் பார்வை சரியில்ல. சர்ச்சுல வடிவக்குறியீட்டுப் பாட்டு நடக்கும்போது புத்தகத்தைப் படிக்க முடியாம காதாலேயே பிடிச்சுக்கிட்டார். புளூகிராஸ்ல உச்சியில போய்க் குத்துற அந்தத் தனிக்குரல் இருக்கு பாருங்க, அதைக் கேக்கும்போது எனக்குப் புத்தகம் தெரியாம பக்கத்துல நின்ன அந்தப் பையன் ஞாபகம்தான் வரும்.

அடுத்து வியாபாரம். இந்தப் பகுதிதான் எனக்கு ரொம்பப் பிடிச்சது.

உள்நாட்டுப் போருக்கு அப்புறம் ஏழு வடிவப் புத்தகம் போடுற கம்பெனிகள் தெற்குல முளைச்சது. ஜார்ஜியாவுல டால்டன்ங்கிற ஊர்ல ஏ.ஜே.ஷோவால்டர்னு ஒருத்தர், பாட்டு வாத்தியார், பதிப்பாளர், ரெண்டும் அவரே. ஒரு நாள் அவருக்குப் பழைய மாணவர்கள் ரெண்டு பேர்கிட்டேருந்து கடிதம் வந்துச்சு. ரெண்டு பேருக்குமே மனைவி இறந்து போயிருந்தாங்க. ஆறுதல் எழுத உக்காந்தப்பதான், கடவுளோட கைகள்ல சாய்ஞ்சிருக்கிறதைப் பத்தி ஒரு பல்லவி அவருக்கு வந்துச்சுன்னு சொல்வாங்க. மிச்ச வரிகளை எலைஷா ஹாஃப்மன் எழுத, 1887-ல ‘லீனிங் ஆன் தி எவர்லாஸ்டிங் ஆர்ம்ஸ்’ வெளிவந்தது. கோயன் சகோதரர்களோட ‘ட்ரூ கிரிட்’ படம் பாத்திருந்தா, அந்த மெட்டு உங்க காதுல ஏற்கெனவே இருக்கு.

அதுக்கு அப்புறம் வந்தவர் ஜேம்ஸ் டி. வான். டென்னசி மாநிலம், லாரன்ஸ்பர்க். 1910-ல அவருக்கு ஒரு யோசனை. நாலு நல்ல பாடகர்களுக்குச் சம்பளம் கொடுத்து ஊர் ஊரா அனுப்பினார். எதுக்கு? புத்தகம் விக்க. நாலு பேர் மேடையில புதுப் பாட்டு பாடுவாங்க, ஜனங்க கேட்டு மயங்குவாங்க, பக்கத்து மேசையில அந்தப் பாட்டு இருக்கிற புத்தகம் விலைக்கு இருக்கும். பாட்டு விளம்பரம், புத்தகம்தான் சரக்கு. அப்புறம் அவரே ரெக்கார்ட் போட்டார், சொந்தமா ரேடியோ நிலையமும் வெச்சார். தெற்கு காஸ்பல்னு இன்னைக்குச் சொல்ற, சூட் போட்ட நால்வர் குழு, பக்கத்துல பியானோ, அந்த வடிவத்தோட ஆரம்பம் ஒரு சேல்ஸ் டீம். இதுல கேவலம் எதுவும் இல்ல. நல்ல பாட்டு வித்தாங்க, அவ்வளவுதான். ஆனா ‘வியாபாரம் தொடாத கிராமத்து இசை’ன்னு சொன்னா நான் சிரிச்சுருவேன்.

ஆல்பர்ட் பிரம்லி இந்த உலகத்து ஆளுதான். ஓக்லஹோமாவுல பருத்தி எடுக்கிற குடும்பம். ஒரு ஜெயில் கைதிப் பாட்டை முணுமுணுத்துக்கிட்டே பருத்தி எடுக்கும்போது, பறந்து போயிடணும்ங்கிற எண்ணம் தோணுச்சுன்னு அவர் சொல்லியிருக்கார். 1929-ல எழுதின ‘ஐ’ல் ஃபிளை அவே’, 1932-ல ஹார்ட்ஃபோர்ட் மியூசிக் கம்பெனி புத்தகத்துல அச்சாச்சு. இன்னைக்கு நிறைய பேர் இதை யார் எழுதினதுன்னே தெரியாத நாட்டுப்பாட்டுன்னு நினைச்சுப் பாடுறாங்க. எழுதினவர் பேரு, வருஷம், காப்பிரைட் எல்லாம் பத்திரமா இருக்கு.

சரி, குடும்பமா மேடையேறுறது? அதுக்கும் லூயிஸ்களுக்கு முன்னாடியே பாதை இருந்துச்சு. 1927-ல டென்னசி எல்லையில பிரிஸ்டல்ங்கிற ஊர்ல ரால்ஃப் பியர் நடத்தின ரெக்கார்டிங்ல கார்ட்டர் ஃபேமிலி வந்தாங்க. 1930-கள்ல டெக்சஸ்ல ‘சக் வேகன் கேங்’னு அப்பாவும் பிள்ளைகளும் சேர்ந்த குழு ரேடியோவுல பிரபலமாச்சு. குடும்பக் குழுங்கிறது அப்பவே மார்க்கெட் தெரிஞ்ச ஒரு வடிவம்.

இப்ப ரெண்டாவது வேருக்கு வர்றேன். லிட்டில் ராய் கையில இருக்கிற பாஞ்சோ.

தென் கரோலினா, லிங்கன்டன்லேருந்து பாத்தா சவானா ஆத்துக்கு அந்தப் பக்கம். அங்க 1785-க்கும் 1790-க்கும் நடுவுல வரைஞ்சதா கணிக்கிற ஒரு நீர்வண்ண ஓவியம் இருக்கு. ‘தி ஓல்டு பிளான்டேஷன்’னு சொல்வாங்க. வரைஞ்சவர் ஜான் ரோஸ்ங்கிற அடிமை உடைமையாளர்னு ஆய்வாளர்கள் கண்டுபிடிச்சிருக்காங்க. படத்துல அடிமைகளா வெச்சிருந்த ஆப்பிரிக்க மக்கள் ஆடிக்கிட்டிருக்காங்க. ஓரமா ஒருத்தர் உக்காந்து வாசிக்கிறார். கையில இருக்கிறது சுரைக்குடுக்கையில தோல் கட்டின பாஞ்சோ.

தோல் கட்டின உடம்பு, கட்டைவிரலுக்குன்னு தனியா ஒரு குட்டைத் தந்தி. இந்த ரெண்டும் ஐரோப்பிய வாத்தியங்களோட குணம் இல்ல. மேற்கு ஆப்பிரிக்காவுல செனகல், காம்பியா பக்கம் ஜோலா மக்கள் வாசிக்கிற அகோன்டிங்ல இந்த ரெண்டும் இருக்கு. கப்பல்ல சங்கிலி போட்டுக் கொண்டுவந்த மனுஷங்க கையில வாத்தியம் இருந்திருக்காது. எப்படிச் செய்யிறதுன்னு தலையில இருந்துச்சு. செஞ்சாங்க.

அதுக்கு அப்புறம் நடந்தது அசிங்கமான கதை. 1840-கள்ல வெள்ளைக்காரங்க முகத்துல கரி பூசிக்கிட்டு, கறுப்பர்களைக் கேலி பண்ற மின்ஸ்ட்ரல் நாடகங்கள் நடத்தினாங்க. பாஞ்சோவை அமெரிக்கா முழுக்கக் கொண்டு போனதுல பெரிய பங்கு அந்த மேடைக்கு உண்டு. கேலிக்காக எடுத்த வாத்தியம், ரெண்டு தலைமுறையில வெள்ளைக்கார வீட்டுத் திண்ணைக்கு வந்து, நாலாவது தலைமுறையில ‘எங்க மலையோட சத்தம்’ ஆயிடுச்சு.

ஸ்க்ரக்ஸ் பாணியில வலது கையில மூணு விரல், வேகமா எட்டு எட்டு ஸ்வரமா உருளும். மூணு விரலை வரிசையா எட்டுக்குள்ள அடைச்சா சரியா வராது இல்லையா? அதனால மூணு, மூணு, ரெண்டுன்னு விழும். தகிட தகிட தகன்னு வாயால சொல்லிப் பாருங்க, புளூகிராஸ் பாஞ்சோவோட துள்ளல் வந்துடும். ஸ்க்ரக்ஸ் இதை வானத்துலேருந்து இறக்கலை. வட கரோலினாவுல அவர் ஊர்ப்பக்கம் மூணு விரல்ல வாசிச்சவங்க ஏற்கெனவே இருந்தாங்க. அவர் அதை வழவழன்னு ஆக்கினார்.

மன்ரோவோட கதையிலயும் ஒரு கறுப்பின மனுஷர் இருக்கார். ஆர்னல்ட் ஷுல்ட்ஸ். கென்டக்கி நிலக்கரிப் பகுதியில கிட்டாரும் ஃபிடிலும் வாசிச்சவர். பையனா இருந்த மன்ரோ நடன இரவுகள்ல அவர்கூட வாசிச்சிருக்கார். தன்னோட இசையில புளூஸ் எங்கேருந்து வந்துச்சுன்னு கேட்டா மன்ரோ ஷுல்ட்ஸ் பேரை மறைக்காம சொன்னார். ஷுல்ட்ஸ் 1931-ல இறந்துட்டார். ஒரு ரெக்கார்டிங்கூட இல்ல. கார்ட்டர் ஃபேமிலிக்கும் அப்படி ஒருத்தர் உண்டு, லெஸ்லி ரிடில். ஏ.பி.கார்ட்டர் பாட்டு தேடி அலையும்போது கூடவே போனவர். வார்த்தையை கார்ட்டர் எழுதிக்குவார், மெட்டை ரிடில் மனசுல பிடிச்சுக்கிட்டு வருவார். குழுப் பேரு கார்ட்டர் ஃபேமிலி. அதுல அவருக்கு இடம் எப்படி வரும்?

குடும்பம்ங்கிற வார்த்தையோட சிக்கலே இதுதான்னு எனக்குத் தோணுது. உள்ள இருக்கிறவங்களுக்கு அது அன்பான வார்த்தை. வெளியே நிக்கிறவங்களுக்கு அது ஒரு கதவு.

இப்ப லூயிஸ்கள்கிட்ட திரும்பலாம். முதல்ல அண்ணன் தம்பிகள் சேர்ந்து ஒரு தந்திவாத்தியக் குழு நடத்தினாங்க. 1950-களோட தொடக்கத்துல அப்பாவும் அக்கா தங்கச்சிகளும் சேர்ந்து லூயிஸ் ஃபேமிலி ஆச்சு. 1954-ல பக்கத்துப் பெரிய நகரமான ஆகஸ்டாவுல டபிள்யூஜேபிஎஃப் டிவி நிலையத்துல அவங்க நிகழ்ச்சி தொடங்கியது. அது 1992 வரைக்கும் ஓடியது. முப்பத்தெட்டு வருஷம்! லிட்டில் ராய் பன்னண்டு வயசுப் பையனா உள்ள போனவர், ஐம்பது வயசுல வெளிய வந்தார்.

அவங்க செஞ்சது சின்ன விஷயம் இல்ல. அன்னைக்கு தெற்கு காஸ்பல் உலகம்னா வான் வழியில வந்த நால்வர் குழு, பியானோ, டை கட்டின ஆம்பளைங்க. அந்த மேடைக்கு இவங்க பாஞ்சோவோட போனாங்க. இன்னொரு பக்கம் புளூகிராஸ் மேடைன்னா அதுவும் ஆம்பளைங்க கூடாரம். 1965-ல வர்ஜீனியாவுல ஃபின்காசில்ல கார்ல்டன் ஹேனி நடத்தின விழாவுக்கு அப்புறம் பல நாள் புளூகிராஸ் விழாக்கள் பரவிச்சு. அங்க மூணு பொண்ணுங்க முன்னாடி நின்னு பாட, பசங்க பின்னாடி வாசிக்கிற குழுவா இவங்க போய் நின்னாங்க. ரெண்டு இடத்துலயும் கொஞ்சம் பொருந்தாதவங்க; ரெண்டு இடத்துலயும் ஜனங்களுக்குப் பிடிச்சவங்க. ஒரு சீரியஸான சாமிப் பாட்டுக்கும் அடுத்ததுக்கும் நடுவுல லிட்டில் ராயோட கோமாளித்தனம். பக்தி மட்டும் போதாது, சனிக்கிழமை ராத்திரி கூட்டமும் சிரிக்கணும்னு அவங்களுக்குத் தெரிஞ்சிருந்தது.

அந்த டிவி நிகழ்ச்சி தொடங்கின வருஷத்தை இன்னொரு தடவை பாருங்க. 1954. அந்த மே மாசம்தான் அமெரிக்க உச்ச நீதிமன்றம், கறுப்புப் பிள்ளைகளுக்குத் தனிப் பள்ளிக்கூடம் வைக்கிறது செல்லாதுன்னு தீர்ப்புச் சொன்னது. ஜார்ஜியாவுல இருந்த எதிர்ப்பு எவ்வளவுன்னா, ரெண்டு வருஷத்துல மாநிலக் கொடியையே மாத்தி, அடிமை முறைக்காகச் சண்டை போட்ட படையோட சின்னத்தை அதுல வெச்சாங்க. லூயிஸ் குடும்பம் யார் மேலயும் வெறுப்பைப் பாடினவங்க இல்ல. சொர்க்கம், வீடு, அம்மா, ஆத்தங்கரைக்கு அந்தப் பக்கம், இதைத்தான் பாடினாங்க. ஆனா எந்த வீட்டு டிவிக்குள்ள எந்தக் குடும்பம் ‘நம்ம குடும்பம்’னு நுழைய முடிஞ்சதுங்கிறது, அன்னைக்கு இருந்த ஜார்ஜியாவோட முடிவு.

ஏன்னா அதே ஆகஸ்டாவுல வளர்ந்த இன்னொருத்தர் இருக்கார். ஜேம்ஸ் பிரௌன்.

ஆமா, அந்த ஜேம்ஸ் பிரௌன்தான். சின்ன வயசுல திருட்டுக் கேஸ்ல மாட்டி சிறைக்குப் போனார். உள்ளயே ஒரு காஸ்பல் குவார்டெட் வெச்சுப் பாடினார். 1952-ல வெளிய வந்து, டோக்கோவா ஊர்ல பாபி பர்டோட குழுவுல சேர்ந்தார். லூயிஸ் குடும்பம் ஜார்ஜியா சர்ச்சுகள்ல பாடிக்கிட்டிருந்த அதே நாட்கள். ரெண்டு பேரும் சாமிப் பாட்டுலேருந்து வந்தவங்க, ஹார்மனியிலேருந்து வந்தவங்க, ஒரே மாநிலம். வடிவக்குறியீடுகூட வெள்ளைக்காரங்களுக்கு மட்டும்னு இருந்ததில்ல. அலபாமாவுல ஜட்ஜ் ஜாக்சன்ங்கிற கறுப்பின இசைக்காரர் 1934-ல ‘தி கலர்டு சேக்ரட் ஹார்ப்’னு தன் சொந்தப் புத்தகமே போட்டார். ஜட்ஜ்ங்கிறது அவரோட பேரு, பதவி இல்ல. பாட்டும் சும்மா இருக்கலை, அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் போய்க்கிட்டுத்தான் இருந்துச்சு. தாமஸ் டோர்சி ஜார்ஜியாவுல பிறந்த கறுப்பினத்தவர். 1937-ல மஹாலியா ஜாக்சனுக்காக எழுதின ‘பீஸ் இன் தி வேலி’யை, 1951-ல ரெட் ஃபோலிங்கிற வெள்ளைக்கார கன்ட்ரி பாடகர் பாடிப் பெரிய ஹிட் ஆக்கினார். பாட்டுக்குத் தடை இல்ல. மனுஷங்களுக்குத்தான்.

1970 மே மாசம் ஆகஸ்டாவுல ஒரு கறுப்பினப் பையன் சிறையில செத்துப்போக, கலவரம் வெடிச்சது. போலீஸ் துப்பாக்கிச்சூட்டுல ஆறு பேர் இறந்தாங்க. ஆறு பேரும் கறுப்பினத்தவர்கள், எல்லாருக்கும் குண்டு முதுகுல. ஜேம்ஸ் பிரௌன் ஊருக்கு வந்து, ஜனங்களை அமைதியா இருக்கச் சொல்லி ஒலிபரப்புல பேசினார். அந்த நகரத்துலேருந்துதான் லூயிஸ் ஃபேமிலி நிகழ்ச்சியும் வந்துக்கிட்டிருந்தது.

ரெக்கார்ட் கம்பெனி கதை இன்னும் விசித்திரம். ஜேம்ஸ் பிரௌன் பாடினது சின்சினாட்டியில இருந்த கிங் ரெக்கார்ட்ஸுக்கு, அதாவது சிட் நேதனோட கம்பெனிக்கு. நேதன் கறுப்பர் இசை, வெள்ளையர் இசை ரெண்டையும் ஒரே கூரைக்குக் கீழ வெச்சு விக்கிற ஆளு. ஸ்டான்லி பிரதர்ஸ் மாதிரி புளூகிராஸ் குழுக்களும் அவர்கிட்ட இருந்தாங்க. லூயிஸ் குடும்பம் 1950-களோட கடைசியிலேருந்து ரெக்கார்ட் போட்டது ஸ்டார்டே கம்பெனிக்கு. 1968-ல நேதன் இறந்ததும் ஸ்டார்டே கிங்கை வாங்கிடுச்சு. ஒரே ஊர் வழியா வந்த ரெண்டு இசையும் கடைசியில ஒரே கம்பெனிக் கணக்குப் புத்தகத்துல வந்து சேர்ந்துச்சு.

2006-ல சர்வதேச புளூகிராஸ் இசைச் சங்கத்தோட ஹால் ஆஃப் ஃபேம்ல லூயிஸ் ஃபேமிலியைச் சேர்த்தாங்க. அந்த வருஷம் கூடவே சேர்த்த இன்னொரு பேரு, சிட் நேதன். அதே வருஷம் கிறிஸ்துமஸ் அன்னைக்கு ஜேம்ஸ் பிரௌன் இறந்தார். திட்டம் போட்டு இப்படி ஒரு கதை எழுதினா நம்ப மாட்டீங்க.

பாப் லூயிஸ் அந்த கௌரவத்தைப் பாக்கலை. 2004-ல தொண்ணூத்தெட்டு வயசுல போயிட்டார். 2009-ல குழுவோட ஓட்டம் நின்னுச்சு. பேரன் தலைமுறை ‘லூயிஸ் ட்ரெடிஷன்’னு ஒரு குழுவா தொடர்ந்தது. லிட்டில் ராய் சும்மா இருப்பாரா? லிஸி லாங்னு ஒரு இளம் இசைக்காரியைக் கூட்டு சேர்த்துக்கிட்டு தனி நிகழ்ச்சி தொடங்கிட்டார்.

2017-ல அதே புளூகிராஸ் சங்கத்தோட மாநாட்டுல முக்கிய உரை ஆற்ற ரியானன் கிடன்ஸைக் கூப்பிட்டாங்க. வட கரோலினாக்காரர், பாஞ்சோ வாசிக்கிறவர், கறுப்பினப் பெண். பாஞ்சோ எங்கேருந்து வந்துச்சு, புளூகிராஸ் கதையிலேருந்து யாரோட பேரெல்லாம் விழுந்துச்சுன்னு அந்த மேடையிலேயே நின்னு பேசினார். 2020-ல அந்தச் சங்கத்தோட அறக்கட்டளை, வெள்ளையரல்லாதவங்க புளூகிராஸுக்குள்ள வர்றதுக்கு ஒரு நிதி தொடங்கியது. நிதிக்கு ஆர்னல்ட் ஷுல்ட்ஸ் பேரை வெச்சிருக்காங்க. ஒரு ரெக்கார்டிங்கூட இல்லாம போனவர்னு சொன்னேன்ல, அவர்தான்.

இப்ப போய் லூயிஸ் ஃபேமிலியோட ஒரு பாட்டைப் போட்டுக் கேளுங்க. முதல் தடவை அந்த மூணு பொண்ணுங்களோட குரலை மட்டும் கவனிங்க. ரெண்டாவது தடவை பாஞ்சோவை மட்டும். தாமஸ் டோர்சியை இன்னைக்கு ஒரு வரியில தாண்டிட்டேன். புளூஸ் பியானோ வாசிச்ச அந்த ஆளு எப்படி காஸ்பலுக்கு வந்தார்ங்கிறது தனிக் கதை. அதை அடுத்த எபிசோட்ல பேசலாம்.